ஆறா, ஒம்போதா

— வெரலை மடக்காம சொல்லு, பாப்போம்.

— வெரலை மடக்கலன்னா எனக்கு எண்ணவே வராது மேரியக்கா. சி-ஏ ஒண்ணு. ஓ ஒண்ணு. ஹெச் ரெண்டு. மொத்தம் நாலு அணு.

— அடியே பவுனு, கேட்டுக்கு வெளிய நிக்கிறப்பவே நாலுன்றியே, உள்ள போயி பேப்பரைப் பாத்தா மூணுன்னுவ. ஓ-ஹெச்சைச் சுத்தி அடைப்புக்குறி போட்டு, வெளிய கால்மாட்டுல ரெண்டு போட்டிருக்கான். அந்த ரெண்டு யாருக்கு?

— பக்கத்துல இருக்கற ஹெச்சுக்கு.

— எங்கம்மா மரக்காணத்துல மீனு விக்கிறா இல்ல, கூறு கட்டி வெப்பா. ஒரு கூறுல ஒரு சங்கரா, ஒரு கெளுத்தி. ரெண்டு கூறு குடும்மான்னு ஒருத்தி கேட்டா, கெளுத்திய மட்டும் ரெண்டு குடுத்துட்டு சங்கராவ ஒண்ணோட நிறுத்திக்குவாளா? கூடையத் தூக்கிக் கவுத்துட மாட்டாங்க? அடைப்புக்குறின்னா கூறு. அதுக்குத்தான் மூலக்கூறுன்னே பேரு வெச்சிருக்கான்.

— நெசமா அதுக்குத்தானா?

— எனக்கு அதுக்குத்தான். மூணு வாட்டி எழுதினதுல எனக்கு வெளங்கினது இது ஒண்ணுதான், அதையும் நீ கெடுக்காத.

— அப்ப சி-ஏ ஒண்ணு, ஓ ரெண்டு, ஹெச் ரெண்டு. அஞ்சு. சுண்ணாம்புத் தண்ணிக்கு அஞ்சு.

— சி-ஏக்குக் கீழ ஒண்ணுன்னு எழுதலியே, எப்பிடி ஒண்ணுன்ற?

— அது எனக்குத் தெரியும்க்கா. எங்கப்பாரு களத்துல மல்லாட்டக் கடலை அளக்கறப்ப மொத மரக்காலுக்கு ஒண்ணுன்னு சொல்லமாட்டாரு, லாபம்னுவாரு. அப்பறம்தான் ரெண்டு, மூணு. ஒண்ணுன்னு சொல்லலன்றதுக்காக அந்த மரக்கால் இல்லன்னு ஆயிடுமா?

— மாதாவே, இதை நீ அந்த ட்யூட்டோரியல் சாருக்கு சொல்லிக் குடுத்திருக்கலாம்.

— சிரிக்காதக்கா. பத்தாவதுல மத்த பாடமெல்லாம் பாஸ், இந்த சைன்ஸுதான் கழுத்தைப் புடிச்சிக்கினு இருக்குது. தை பொறந்தா வயசு தாண்டிடுது, அப்பறம் டீச்சர் போஸ்ட்டுக்கு மனுவே வாங்க மாட்டேன்றாங்க. இந்த வாட்டியும் போச்சுன்னா அங்கன்வாடில ஆயாவாவே கெடந்து, புள்ளைங்களுக்குக் கழுவி வுட்டுக்கினே கெழவியாயிடுவேன்.

— எனக்கு மட்டும் இன்னா, மகாராணி பட்டமா காத்துக்கினு கெடக்குது? மணி ஒம்போது இருவது. மொத பெல்லு ஒம்போதே முக்காலுக்கு. அதுக்குள்ள இன்னும் ரெண்டு எண்ணலாம், புக்கைத் தொற.

— அருளு வர்றானான்னு பாத்துக்கினே இருக்கேன். பரிட்சை அட்டை நான் வாங்கியாறேன் அக்கா, நீ ஓமந்தூர்ல பஸ் ஏறி வந்துடுன்னான். இந்த ஊர்லயே பட்டறைல வேலை செஞ்சிக்கினு ஒரு அட்டை கொண்டாந்து குடுக்க இத்தினி நேரமா?

— உன் தம்பி வர்ல, உன் வூட்டுக்காரரு வர்றாரு பாரு. இன்னா மனுசன் இவரு, நடு ரோட்டுல நடக்கறாரு, லாரிக்காரன் அந்தத் திட்டு திட்டிக்கினு போறான், காதுலயே வாங்கல.

— மாமா, இங்க. இங்க இருக்கோம், வேப்ப மரத்துக்கு அடில.

— ம். கொரலு கேட்டுச்சு. மேரியக்காவும் இருக்குதா.

— இருக்கேன் சுதாகரு, இன்னும் இந்த உலகத்துலதான் இருக்கேன்.

— ராத்திரி ஏன் மாமா வூட்டுக்கு வர்ல? சோத்தைத் தண்ணி ஊத்தி வெச்சிக்கினு கெடந்தேன்.

— பட்டறைல வேலை. செஞ்சி நைனாரு வூட்டுக் கல்யாணக் கட்டிலு, இன்னிக்கு ஏத்தியாவணும். பாலீஸ் ரெண்டு கை போட்டு, காயவுட்டு, திரும்ப தேய்ச்சி… பேஜாருடி.

— அருளு எங்க? என் பரிட்சை அட்டை எங்க?

— அட்டைய மறந்துட்டேன். அருளு பட்டறைலதான் கெடக்கறான், தூங்கறான். அது கெடக்கட்டும் பவுனு, இந்தா, இதை எண்ணு.

— இன்னாது இது, ஒரே பிசுக்கு.

— டின்னு மேல ஒட்டியிருந்த சீட்டு. உனக்குப் பரிட்சைக்கு வருமேன்னு கிழிச்சியாந்தேன். பேரு மேல அரக்கு ஊத்திக்கிச்சி, படிக்க வராது. அடில பாரு, எழுத்து இருக்கும். அதுல எத்தினி அணுன்னு சொல்லு.

— அதிசயமா இருக்குதே. மூணு வாட்டி எழுதறேன், ஒரு வாட்டி புக்கைத் தொட்டுப் பாத்திருக்கியா நீ?

— தொட்டுப் பாக்கலன்னா இன்னா, இப்ப கேக்கறேன் இல்ல? சொல்லு.

— சி. ஹெச் மூணு. அப்பறம் ஓ ஹெச். அடைப்புக்குறி இல்ல மேரியக்கா, கூறு கெடையாது. சி லாபம். ஹெச் மூணு, கடைசில ஒரு ஹெச், நாலு. ஓ ஒண்ணு. ஆறு.

— கரெக்ட்டு. பாத்தியா, வெரலை மடக்காமயே வருது.

— ஆறு இல்ல. திரும்ப எண்ணு.

— ஆறுதான் மாமா.

— சிக்குக் கீழ ரெண்டு இருக்கும், நல்லா பாரு. பொடி எழுத்து, சட்டுனு தெரியாது.

— சிக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. சுத்தமா காலியா இருக்குது.

— அரக்கு மறைச்சிருக்கும். நெகத்தால சொரண்டு.

— அந்த எடத்துல அரக்கே இல்லியே. நீயே பாரு, கைலதான குடுக்கறேன்.

— எனக்கு இங்கிலீசு எங்க தெரியுது? நீதான் படிச்சவ, நீ பாத்து சொல்லு. சி ரெண்டு, ஹெச் அஞ்சு, அப்பறம் ஓ ஹெச். அப்பிடித்தான இருக்கணும்? எண்ணினா ஒம்போது வரணும்.

— ஏன் வரணும்?

— வரணும், அவ்ளோதான்.

— சுதாகரு, இங்கிலீசு தெரியாதுன்னுட்டு, சி ரெண்டு ஹெச் அஞ்சுன்னு பாட்டு மாதிரி ஒப்பிக்கிறியே. யாரு சொல்லிக் குடுத்தா?

— தொண்ணூத்தி மூணுல நானும் பத்தாவது படிச்சவன்தான் மேரியக்கா. பாஸ்தான் பண்ணல. எங்க சாரு மொத்தப் புக்குல எதை நடத்தினாரோ, எனக்கு நின்னது இது ஒண்ணுதான். கடைசி பெஞ்சு மொத்தமும் மனப்பாடம் பண்ணோம். சாராயத்துக்கு ஒம்போது அணு.

— சாராயமா?

— சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— மாமா. இந்த டின்னுல இன்னா இருக்குது?

— ஸ்பிரிட்டு. பாலீஸுக்கு அரக்கு ஊறவெக்கிற ஸ்பிரிட்டு. தெனம் தொடறதுதான, இன்னாத்துக்கு மொறைக்கிற?

— தெனம் தொடறதுக்கு இன்னிக்கு ஏன் சீட்டைக் கிழிச்சிக்கினு ஓடியாந்த? யாரு குடிச்சா?

— யாரும் குடிக்கல.

— நேத்து காந்தி ஜெயந்தி. கடை மொத்தமும் மூடியிருந்துச்சி. யாரு குடிச்சா மாமா?

— நான் பட்டறைக்குக் கெளம்பறேன்.

— கேக்கறா இல்ல, சொல்லுய்யா.

— அருளும், அவன் கூட பாலீஸ் போடறானே மண்ணாங்கட்டி, அவனும். பொழுது எறங்கற நேரத்துல. கடை இல்ல, கையும் ஓடல, காலும் ஓடல அவனுங்களுக்கு. சோடா வாங்கியாந்து கலந்து… ஆளுக்கு ரெண்டு டம்ளரு.

— நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?

— நான் கட்டிலு தேய்ச்சிக்கினு இருந்தேன்.

— தேய்ச்சிக்கினு பாத்துக்கினு இருந்தியா? என் தம்பி ஸ்பிரிட்டை ஊத்திக் குடிக்கிறான், நீ பாத்துக்கினு இருந்தியா?

— அவனுங்க குடிக்கிறது புதுசா பவுனு? பாலீஸ்காரனுங்களுக்கு வேலை ஓடறதே அதுலதான். எப்பவும் வாங்கற எடத்துல சரக்கு இல்ல, இது வேற ஒருத்தன் டெம்போல கொண்டாந்து போட்டது. அதான் கொஞ்சம் சந்தேகமா இருந்துச்சி. மேசை மேல ஊத்திக் கொளுத்திப் பாத்தோம். நீலமா எரிஞ்சிது, புகையே இல்ல. நீலமா எரிஞ்சா நல்ல சரக்கு, பட்டறைல எல்லாருக்கும் தெரியும். அப்பறம் சீட்டையும் பாத்தோம், கடைசில ஓ ஹெச் இருந்துச்சி. சாராயத்துக்கும் கடைசில ஓ ஹெச்சுதான? சரிதான்னு…

— வாலைப் பாத்து மாட்டை வாங்கினீங்களா? சுண்ணாம்புலயும்தான் ஓ ஹெச் இருக்குது, கலக்கிக் குடிக்க வேண்டியதுதான?

— பவுனு, அந்தச் சீட்டை இப்பிடிக் குடு. ஓரத்துல நம்பரு ஏதோ இருக்குது பாரு. எம் டபிள்யூ, முப்பத்திரெண்டு புள்ளி ஜீரோ நாலு. அது மூலக்கூறு எடை. சி எவ்ளோ?

— பன்னெண்டு.

— ஹெச் ஒண்ணொண்ணும் ஒண்ணு, நாலு ஹெச்சுக்கு நாலு. ஓ?

— பதினாறு. பன்னெண்டும் நாலும் பதினாறு, பதினாறும் பதினாறும்… முப்பத்திரெண்டு.

— சீட்டுலயும் முப்பத்திரெண்டு.

— அச்சுல தப்பா வுழுந்திருக்கும் மேரியக்கா.

— எழுத்தும் தப்பு, எடையும் தப்பு, ரெண்டும் சேந்து ஒரே மாதிரி தப்பா வுழுமா? உன் ஒம்போதையும் போட்டுப் பாத்துடலாம். சி ரெண்டு, இருவத்திநாலு. ஹெச் ஆறு. ஓ பதினாறு. நாப்பத்தாறு வரணும். இங்க நாப்பத்தாறு எங்க இருக்குது? இது எத்தில் இல்ல சுதாகரு, மெத்தில். ட்யூட்டோரியல் சாரு ரெண்டையும் போர்டுல பக்கத்துல பக்கத்துல எழுதிப் போட்டு சொன்னாரு, ஒரு கார்பன் கொறைஞ்சா ஆளே கொறைஞ்சிடுவான்னு. நாங்க சிரிச்சோம்.

— நான் சிரிக்கல மேரியக்கா. நான் எழுதி வெச்சிருக்கேன் நோட்டுல. விஷம்னு பக்கத்துல சிவப்புல போட்டு வெச்சிருக்கேன்.

— விஷம்னா உடனே ஆளு வுழுந்திருக்கணுமே. ராத்திரி நல்லாத்தான இருந்தான்? பாட்டெல்லாம் பாடினான்.

— உடனே தெரியாதுய்யா. எங்க குப்பத்துல எங்க சித்தப்பன் இப்பிடித்தான். ராத்திரி குடிச்சிட்டு காலையில வலையெல்லாம் பிரிச்சாரு, ஒண்ணுமே இல்ல, வெறும் தலைபாரம்னாரு. மத்தியானத்துக்குக் கண்ணு போச்சு. கண்ணுதான் மொதல்ல. மூணாம் நாளு ஆளும் போயிட்டாரு.

— கண்ணு… மொத்தமா போச்சா?

— மொத்தமாத்தான்.

— ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா திரும்ப வந்திருக்குமா?

— எனக்கு இன்னா தெரியும், நான் டாக்டரா? சீக்கிரம் போனவங்க பொழைச்சாங்கன்னு கேள்வி. எங்க சித்தப்பன் மானம் போவும்னு வூட்டுக்குள்ளயே கெடந்தாரு.

— அருளுக்குக் கண்ணு எப்பிடி இருக்குது மாமா?

— தூங்கறான்றேன் இல்ல. கண்ணைத் தொறந்தாத்தான தெரியும்.

— எழுப்பினியா இல்லியா?

— எழுப்பினேன். ம் ம்னான். வாந்தி எடுத்திருக்கான் கொஞ்சம்.

— மண்ணாங்கட்டி?

— ராத்திரியே மேல்மலையனூருக்கு பஸ் ஏறிட்டான். அங்க பக்கத்துலதான் அவன் ஊரு. போன் இல்ல அவன்கிட்ட.

— நீ குடிச்சியா?

— நானா?

— நீதான். உன்னத்தான் கேக்கறேன்.

— ஆவணி அமாவாசைக்கு நீதான இஸ்துக்கினு போயி அங்காளம்மன் சந்நிதில கயிறு கட்டி வுட்ட? இதோ, கையிலதான் இருக்குது. கயிறு கட்டிக்கினு எவனாவது குடிப்பானா?

— குடிக்கணும்னா அவுத்து ஆணில மாட்டிட்டுக் குடிச்சிட்டு, திரும்பக் கட்டிக்கிறவனுங்க நம்ம தெருவுலயே நாலு பேரு இருக்கானுங்க. காட்டு இப்பிடி. பூசாரி போட்டது ரெட்டை முடிச்சி. இது ஒத்தை முடிச்சா இருக்குதே.

— அரக்கு பட்டு வெறைச்சிக்கினு இருந்துச்சி. அவுத்துத் தொவைச்சிக் கட்டினேன். சாமி கயிறை அப்பிடியே பிசுக்கா வெச்சிக்க சொல்றியா?

— அப்ப ஏன் இப்பிடி வேர்த்து ஊத்துது உனக்கு?

— புரட்டாசி வெயிலு பொன்னுருகக் காயும்பாங்க, பட்டறைலேர்ந்து ஓடியாந்திருக்கேன், வேர்க்காம? மச்சானுக்கு இன்னாவோ ஏதோன்னு பயந்து உங்கிட்ட ஓடியாந்தா, நீ என்னைப் போட்டுக் கொடையற.

— பெல்லு அடிக்கிறான் பவுனு. மொத பெல்லு.

— நான் பரிட்சை எழுதல. வா மாமா, பட்டறைக்குப் போலாம்.

— ஏய், சும்மா இரு. நீ வந்து இன்னா பண்ணப் போற? தூக்கறதுக்கு ஆளு வேணும்னா பட்டறைல நாலு பேரு இருக்கான். நீ எழுது.

— என் தம்பி அங்க செத்துக்கினு இருக்கான், நான் இங்க ஒக்காந்து ஆக்சிஜனை எண்ணிக்கினு இருக்கவா?

— பவுனு, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. பட்டறை செஞ்சி ரோட்டுல, ஆட்டோல அஞ்சு நிமிசம். அங்கேர்ந்து பெரியாஸ்பத்திரி பத்து நிமிசம். நீ கூடப் போனா அந்தப் பாஞ்சு நிமிசம் பன்னெண்டு ஆயிடுமா? ஆவாது. உன் வூட்டுக்காரரு கயிறு கட்டின மனுசன், தெளிவா இருக்காரு, அவரு இஸ்துக்கினு போவட்டும். நீ எழுதி முடிச்சிட்டு ஓடு. நானும் வர்றேன்.

— மேரியக்கா சொல்றது ஞாயம். தை வந்தா உனக்கு வயசு தாண்டிடும்னு நீதான தெனம் சொல்லிக்கினு இருக்கற? நான் பாத்துக்கறேன் அருளை.

— நீ பாத்துக்குவியா?

— பாத்துக்கறேன்.

— இந்தச் சீட்டை டாக்டருகிட்ட குடு. பேரு தெரியலன்னாலும் பரவால்ல, இந்த எழுத்தைக் காட்டினா போதும், அவங்களுக்குத் தெரியும். எவ்ளோ குடிச்சான், எத்தினி மணிக்குக் குடிச்சான், எல்லாம் ஒளிக்காம சொல்லு. கடையில வாங்கினதுன்னு பொய் சொல்லிடாத.

— சொல்றேன்.

— இங்க ஆவாதுன்னாங்கன்னா நின்னு யோசிக்காத, ஜிப்மருக்கு ஏத்திடு. மண்ணாங்கட்டி ஊருக்கு யாரையாவது பைக்குல தொரத்து. தூங்கறான்னு வுட்டுடாத மாமா.

— தூங்க வுட மாட்டேன்.

— அதோ, டீக்கடைக்கு எதிர்ல மஞ்ச ஆட்டோ நிக்குது பாரு சுதாகரு, எங்க தேவசகாயம் ஆட்டோதான். மேரியக்கா சொல்லுச்சின்னு சொன்னா வாயே தொறக்காம வருவான். ஜல்தியா போ. அடியே, வாடி நீ, கேட்டை மூடறான் பாரு.

— வர்றேன்க்கா. மாமா, போ.

— நீ உள்ள போ பவுனு.

— நீ ஏறு மொதல்ல. ஏறினதைப் பாத்துட்டுப் போறேன்.

— நான் போறேன்றேன் இல்ல. நீ போ. நல்லா எழுது. அந்தக் கூறு கணக்கை மறந்துடாத.

— ரெண்டாவது பெல்லும் அடிச்சிட்டான். இன்னாத்துக்கு நின்ன எடத்துலயே நிக்கிற? இதோ பத்தடி, எதிர்லதான், மஞ்சளா நிக்குது.

— போறேன்டி… இந்தப் பனி கொஞ்சம் வெலகட்டும், ஆட்டோ எந்தப் பக்கம் நிக்குதுன்னே தெரியல.